நெல்லூரின் பெயரைச் சுமக்கும் தூரதேசத்து மந்தைகள்

சென்னையிலிருந்து தில்லிக்கோ ஹவுராவுக்கோ ரயிலில் சென்றிருப்பீர்களானால், ஓங்கோலைத் தாண்டியவுடன் கரவதி என்னும் சிறிய நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அதன் பெயர்ப்பலகையை நம்மில் பலர் வாசித்திருக்கவும் மாட்டோம். ஆனால் கடலுக்கு அப்பால் பிரேசில் தேசத்தில், மாடு வளர்க்கும் குடும்பங்கள் அந்தப் பெயரை நன்கு அறியும். 1960களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்ட ஒரு பொலிகாளையின் பெயர் கர்வாதி. இன்று அத்தேசத்து உயர்குல மாடுகள் பலவற்றின் வம்சவரலாற்றில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

வாருங்கள், அந்தப் பெயரைத் தொடர்ந்து மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்திலுள்ள உபெராபா நகர்வரை சென்று வருவோம்.

சாவோ பாலோ மாநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது உபெராபா. வழியெங்கும் செம்மண், கரும்புத் தோட்டங்கள், அவற்றுக்கிடையே பரந்த புல்வெளிகள். அங்கே மேயும் மந்தையைக் கண்டால் நீங்கள் திகைத்துப் போவீர்கள். உயர்ந்த திமில், தொங்கும் அலைதாடி, வெண்மையான மயிர், அதனடியில் கறுத்த தோல் என யாவும் நம் ஆந்திர தேசத்து ஓங்கோல் மாடுகளின் சாயலே. ஆனால் கழுத்தில் நுகத்தடியின் தழும்பு இல்லை. மூக்கில் கயிறும் இல்லை. ஏர் இழுக்கவும் பால் கறக்கவும் நம்மவர் வளர்த்த இனத்தை, அவர்கள் இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். அங்கே அதன் பெயர் நெலோரே. நெல்லூர் என்பதே அவர்கள் நாவில் அப்படி ஆயிற்று. ஓங்கோல் வட்டம் 1904ஆம் ஆண்டுவரை பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால், அக்காலத்தில் அம்மாடுகள் நெல்லூர் மாடுகள் என்றே அழைக்கப்பட்டன.

இவை அங்கே போய்ச் சேர்ந்த வரலாறு வியப்பானது. மனோயெல் லெம்குரூபர் என்னும் பிரேசில் பண்ணையார், 1878இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சிசாலையில் ஒரு ஜோடியைக் கண்டு, விலைக்கு வாங்கித் தம் பண்ணைக்குக் கொண்டுசென்றார். அந்த மந்தையின் சந்ததி இன்றும் லெம்குரூபர் வழி என்றே அறியப்படுகிறது. பின்னர் உபெராபா வட்டாரத்துப் பண்ணையார்கள் தாங்களே இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து மாடுகளைத் தேடி வாங்கினார்கள்.

இடையிலே பெருந்துன்பமும் நேர்ந்தது. 1920இல் பிரேசிலுக்கென்று இந்தியாவிலிருந்து புறப்பட்ட மாடுகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபோது, அவற்றின் மூலம் வெக்கை நோய் அந்நாட்டில் பரவியது. அதன் விளைவாகவே 1924இல் கால்நடை நோய்களுக்கான உலக அமைப்பு பாரிஸில் தோன்றிற்று. பிரேசிலும் 1921இல் இந்திய மாடுகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. 1960களின் தொடக்கத்தில் வந்த கடைசிப் பெரிய கூட்டம், பெர்னாண்டோ தெ நோரோன்யா என்னும் தீவில் தனித்து வைக்கப்பட்ட பின்னரே கரை சேர அனுமதிக்கப்பட்டது. ஆக மொத்தம் வந்திறங்கியவை சில ஆயிரம் தலைகளே. இன்றோ அத்தேசத்தின் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளில் பெரும்பகுதி திமிலுள்ள இந்திய வழி மாடுகள். அவற்றிலும் நெலோரேயே மிகுதி.

இது எப்படிக் கூடிற்று? தட்பவெப்பம் ஒரு காரணம். வெயிலைத் தாங்கும் தோலும், உண்ணிகளை எதிர்க்கும் வலிமையும், சிறிய கன்றைச் சிரமமின்றி ஈனும் இயல்பும் இவற்றுக்கு உண்டு. ஆயினும் வேறொரு காரணத்தை அறிய நீங்கள் ஒரு குடும்பப் பண்ணையின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

அங்கே வறட்சிக்காலம் முடியும் தறுவாயில், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, கன்றுகள் பிறக்கின்றன. கன்று பிறந்தவுடன் தாயின் எண், தகப்பனின் எண், பிறந்த நாள் ஆகியவற்றைப் பண்ணையார் எழுதிக்கொள்கிறார். அந்த விவரம் உபெராபாவிலுள்ள வளர்ப்போர் சங்கத்துக்குச் செல்கிறது. பால் மறக்கும்போதும், அதன் பின்னரும் எடை பார்த்துக் குறிக்கிறார்கள். வளர்ந்தபின் சங்கத்தின் வல்லுநர் நேரில் வந்து கொம்பு முதல் குளம்பு வரை சோதிக்கிறார். இனத்துக்குரிய இலக்கணத்தில் பெருங்குறை கண்டால் நிரந்தரப் பதிவு மறுக்கப்படும். தேறினால் மட்டுமே சங்கத்தின் முத்திரை இடப்படும். 1938இல் தொடங்கிய இந்தப் பதிவு இன்றும் நடைபெறுகிறது. நெருங்கிய இரத்த உறவுள்ள காளையையும் கிடாரியையும் சேர்த்து விடாதபடி காப்பதும் இந்தத் தாள்களே.

பதிவை அலட்சியம் செய்த காலமும் ஒன்று உண்டு. கிர், காங்ரேஜ், ஓங்கோல் ஆகிய மூன்று இனங்களையும் கலந்து இந்துபிரசில் என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். நீண்ட காதுகளுக்காக அவை பெரும் விலைக்கு விற்றன. 1940களின் நடுவில் அந்த மோகம் சரிந்தபோது பலர் நொடித்துப் போயினர். அதன்பின்னரே தூய வழியை எழுதிக் காத்தவர்களின் அருமை தெரிந்தது.

1935 முதல் நடந்துவரும் எக்ஸ்போசெபு கண்காட்சி, ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலுமாக உபெராபாவின் பெர்னாண்டோ கோஸ்டா பூங்காவில் கூடுகிறது. நீங்கள் செல்வதானால் அந்நாட்களில் செல்லுங்கள். அதே வளாகத்தில் திமில் மாடுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. 2023இல் வியாட்டினா-19 என்னும் நெலோரே பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலம் போனபோது, அதன் முழு மதிப்பு சுமார் 2 கோடியே 10 லட்சம் பிரேசில் ரியால் எனக் கணக்கிடப்பட்டது. உலகிலேயே மிக அதிக விலைமதிப்புள்ள பசு என்று கின்னஸ் புத்தகம் அதைக் குறித்தது. அதன் எடை 1,101 கிலோ.

இனி நம் பக்கம் திரும்புவோம். டிராக்டர் வந்தபின் ஓங்கோல் காளைக்கு வயலில் வேலை குறைந்தது. பாலுக்காகச் சீமைக் கலப்பினங்கள் தொழுவத்தை நிரப்பின. குண்டூரை அடுத்த லாம் ஆராய்ச்சி நிலையமும், பிரகாசம் மாவட்டத்துச் சதலவாடா பண்ணையும் இனத்தைக் காத்து வருகின்றன. கல் இழுக்கும் பந்தயங்களுக்காகவும் சிலர் காளைகளை வளர்க்கிறார்கள். எனினும், எந்தப் பசுவின் கன்று எது என்பது பல வீடுகளில் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருந்தது. அவர்கள் மறைந்தபோது அதுவும் மறைந்தது. தூரதேசம் போனவை பெயரோடு நிலைத்தன. சொந்த ஊரில் நின்றவற்றுக்குப் பெயர் சொல்ல ஆள் குறைந்தது. ஊரை விட்டுப் போவதால் மட்டும் ஒரு வம்சம் அழிந்துவிடுவதில்லை. எழுதி வைக்க ஒருவரும் இல்லாதபோதே அது அழிகிறது.

பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் வந்து குடியேறிய நமக்கு இது அந்நியமான செய்தியா? நகரத்தில் பிறந்த உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: பாட்டியின் தாயாருடைய பெயர் என்ன? தாத்தா உழுத நிலம் எந்த ஊரில் இருந்தது? விடை வராவிட்டால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் மூத்தவரைத் தொலைபேசியில் அழையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அவர் சொல்லும் பெயர்களையும் ஊர்களையும் ஆண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுங்கள். தாய்வழிப் பெயர்களை விட்டுவிடாதீர்கள்.