சீ.ஆர். கொப்பி

அப்பா 2019 மாசி மாதம், 88 வயதில், தன் சொந்தக் கட்டிலில் கண்ணை மூடினார். எங்கள் ஊரில் அவருடைய வயதுக்காரருக்கு அது லேசில் கிடைக்காத சாவு. அவரோடு சங்கக்கடையில் வேலை செய்தவர்களில் பலர் முகாமிலும் வழியிலும் பிள்ளைகளின் முகம் பாராமலும் போனார்கள். அதனால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அழுதாலும் ஒருவித நிறைவோடுதான் நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

கொக்குவிலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளைக் கடையை நெடுங்காலம் நடத்தியதால் சின்னப் பிள்ளைகளுக்கும் அவர் ‘மனேச்சர்’. எழுபதுகளில், சிறிமா காலத்தில், பாணுக்கு விடியமுன் கியூ நின்ற நாட்களில் அம்மாவும் கூப்பனோடு அந்தக் கியூவில்தான் நின்றா. கடையின் பின்கதவால் எங்கள் வீட்டுக்கு ஒரு கொத்து அரிசிகூட வந்ததில்லை. அம்மாவுக்கு அதில் பெருமை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். கால் கடுக்க நின்றவவுக்குப் பெருமை மட்டும் இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

விடிய ஐந்து மணிக்கு எழும்பி எங்கள் மூன்று பேரின் சைக்கிளுக்கும் காற்றுப் பார்ப்பார். பம்ப் அடிக்கும் அந்த உஸ் உஸ் சத்தத்தில்தான் நான் பள்ளிக்கூடக் காலம் முழுக்கக் கண் விழித்தேன். பிறகு அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, சனசமூக நிலையத்தைத் திறக்கப் போவார். வாங்கு துடைத்து, பேப்பரை மேசையில் விரித்து, பறக்காமல் மேலே ஒரு கட்டை வைத்துவிட்டு வருவார். 1990-இல் சண்டை திரும்பத் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்த பிறகு, கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் அச்சடித்து வந்த நாட்களிலும் வாசிகசாலை பூட்டிக் கிடக்கவில்லை. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக இரவில் அங்கே நாலு ஜாம் போத்தல் விளக்கு எரியும். போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றுவது. அந்த எண்ணெயை வீடு வீடாகக் கரண்டிக் கணக்கில் சேர்த்தவர் அப்பா. முதல் கரண்டி எங்கள் வீட்டுப் போத்தலிலிருந்து போகும்.

1995 ஒக்டோபர் 30. அன்று பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை வாசலால் போனது. எல்லோரும் உடனே தென்மராட்சிப் பக்கம் போகவேண்டும் என்றார்கள். 17ஆந் திகதி தொடங்கிய ‘ரிவிரெச’ இராணுவ நடவடிக்கை அதற்குள் கோப்பாய்ப் பக்கம் நெருங்கியிருந்தது. அந்த வருடம் ஆடியில் நவாலித் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்ததைக் கண்டவர்கள் நாங்கள். யோசிக்க ஆளில்லை. அம்மா பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டா. நடக்க மாட்டாத அம்மம்மாவை அண்ணாவின் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் பழைய ரியூப்பால் அப்பா கட்டினார். அம்மம்மா, “என்னை விட்டிட்டுப் போங்கோ, நான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தா.

செம்மணி வெளிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. மழை. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு றோட்டு, அதில் வலிகாமம் முழுக்க. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவேண்டும். ஓர் அடி வைத்தால் கால் மணித்தியாலம் நிற்கவேண்டும். மாடு, ஆடு, லான்ட்மாஸ்டர், தலையணை, அம்மி, செத்துப்போன கிழவரை மடியில் கிடத்திக்கொண்டு வண்டிலில் இருந்த ஒரு மகன். தண்ணீர் விடாய்க்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழையை ஏந்திப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள். சத்தம் போட்டு அழுதவர்கள் குறைவு. அத்தனை லட்சம் பேர் நடந்தும் அந்த இரவு எனக்கு அமைதியாகவே நினைவிருக்கிறது. சைக்கிள் கொறகொறப்பும் மழையும்தான் கேட்டன.

அங்கேதான் அப்பா ஊராட்களை எண்ணத் தொடங்கினார். முன்னுக்கும் பின்னுக்கும் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திரும்பி வந்து அம்மாவின் காதில், “கடைசி ஒழுங்கைக் கிழவியைக் காணேல்லை. நான் போட்டு வாறன்” என்றார். அந்த மனுசிக்குப் பிள்ளை குட்டி இல்லை, கண்ணும் மங்கல். எனக்கு 19 வயது. அவருடைய சேர்ட்டைப் பிடித்து, “அப்பா, போகாதேங்கோ. எங்களை யார் பாக்கிறது?” என்று கத்தினேன். அவர் என் கையை மெல்ல விடுவித்து, அண்ணாவைப் பார்த்து, “கைதடியில நில்லுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு, வருகிற சனத்துக்கு எதிராக நடந்தார். அந்த வெள்ளை சேர்ட்டு இருட்டில் மறைகிற வரைக்கும் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த கோபம் பெரிது. எங்களைவிட ஊர்தான் பெரிது என்று நினைத்துவிட்டார் என்று பல வருடம் நம்பினேன்.

கைதடியில் ஒரு மரத்தின் கீழ் விடியவிடிய இருந்தோம். மறுநாள் மத்தியானம் போலத்தான் அப்பா வந்தார். யாருடையதோ தள்ளுவண்டிலில் சாக்கை விரித்துக் கிழவியை இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். செருப்பு எங்கோ சேற்றில் போய்விட்டது. உள்ளங்கால் தோல் உரிந்து வெளுத்துக் கிடந்தது. அம்மா திட்டவில்லை, எங்கே போனீர்கள் என்றும் கேட்கவில்லை. சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தா. உள்ளே ஒரு துண்டுப் பனங்கட்டி. நாங்கள் பசியில் கேட்டபோதெல்லாம் இல்லை என்று சொன்னவ, அதை அவருக்காக இரவு முழுக்க முடிந்து வைத்திருந்திருக்கிறா. அப்பா அதைக் கடித்துப் பாதியைக் கிழவியின் கையில் வைத்தார். மற்றப் பாதியை அம்மம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா பார்த்துக்கொண்டு இருந்தா.

பத்திரிகைகள் நாலு லட்சம், ஐந்து லட்சம் என்று எழுதின. அப்பா எங்கள் ஊரின் 143 வீட்டையும் தேடப் புறப்பட்டார். சாவகச்சேரியில் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, பள்ளிக்கூடம், கோயில் மடம், தெரியாதவர் வீட்டு விறாந்தை என்று சைக்கிளில் திரிந்தார். கிணற்றடி ஒழுங்கை மூன்றாவது வீடு, பனையடி ஒழுங்கை முதலாவது வீடு என்று எழுதி, எதிரே ‘இப்ப’ என்று ஒரு நிரல் போட்டார். எல்லாம் பென்சிலில். பேனை தரட்டோ என்று கேட்டேன். “ஆக்கள் இன்னும் ஓடுவினம், பிள்ளை. அழிச்செழுத வேணும்” என்றார். நிவாரண அட்டை பதிந்தபோதும், எங்கள் ஊராட்களுக்கு வந்த கடிதங்களைச் சேர்ப்பித்தபோதும் அந்தக் கொப்பிதான் கைகொடுத்தது.

1996 சித்திரையில் தென்மராட்சிக்கும் சண்டை வர, ஒரு பகுதிச் சனம் வன்னிக்குப் போனது, நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. அப்பா முதலில் வாசலில் சாக்குத் தொங்கவிட்டு அம்மம்மாவுக்கு ஒரு மூலை ஒதுக்கினார். அடுத்தது கிணறு இறைத்தது. அதற்கு அடுத்தது வாசிகசாலை. கரையான் தின்ற மேசைக்குப் பதில் இரண்டு தகரப் பீப்பாவின் மேல் பலகை போட்டார்.

கடைசிக் காலத்தில் அம்மா பாரிசவாதத்தில் விழுந்தா. இரண்டு வருடம். குளிப்பாட்டுவது, தலை இழுப்பது, சோற்றைக் குழைத்து ஊட்டுவது எல்லாம் அப்பா. நான் செய்கிறேன் என்று போனால், “நீ உன்ர வேலையைப் பார். இவ கியூவில நிண்ட கணக்கு எனக்குத்தான் இருக்கு” என்பார். அவர் அந்தக் கியூவை மறக்கவில்லை என்று நான் அறிந்தது அன்றைக்குத்தான். செம்மணியில் பிடித்த கோபத்தின் மிச்சம் மீதி அந்தக் கட்டிலடியில்தான் என்னை விட்டுப் போனது.

கொப்பியை அவர் மூடவே இல்லை. 2002-இல் ஏ9 பாதை திறந்தபோது வன்னியிலிருந்து வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 2009-க்குப் பிறகு ‘இப்ப’ நிரலில் மெனிக்பாம் என்று பதினொரு இடத்தில் வந்தது. ஆறு வீட்டுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் சின்னக் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடு போட்ட நாட்களில் அவர் சாப்பிட்டதில்லை.

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தா. சின்ன வயதில் எங்கள் ஊரில் இருந்தவவாம், கூடப் படித்த சிநேகிதியைத் தேடுகிறா. “மனேச்சர் ஐயாவிட்ட ஒரு கொப்பி இருந்தது எண்டு அம்மா சொன்னவ” என்றா. அலுமாரியைத் திறந்து எடுத்தேன். கிணற்றடி ஒழுங்கை, நாலாவது வீடு. அழித்த தடங்களுக்குள் மீசாலை தெரிந்தது. அதற்கு மேல் மல்லாவி, அதற்கு மேல் மெனிக்பாம். எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் நடுங்கின கையெழுத்தில் உருத்திரபுரம் என்றும் ஒரு தொலைபேசி எண்ணும்.

“எழுதுங்கோ” என்று சொல்லி, இலக்கம் இலக்கமாக வாசித்தேன்.