கழிமுகத்துச் செப்பிலி

விழுப்புரம் என்றால் இரயில் சந்திப்பும், திண்டிவனம் என்றால் நெடுஞ்சாலைகள் பிரியும் கூட்டு ரோடும், இரண்டுக்கும் நடுவே மல்லாட்டைக் கொல்லைகளும் கரும்பு வயல்களுமே பலருடைய ஞாபகத்துக்கு வருகின்றன. 1993-ஆம் ஆண்டு தென்னார்க்காட்டினின்று பிரிந்து தனி ஜில்லாவாக அமைந்த இப்பிரதேசத்துக்கு, வானூர், மரக்காணம் தாலுக்காக்களின் கீழ்க்கோடியில் சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சமுத்திரக் கரை உண்டென்பதும், அக்கரையில் 19 மீனவக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாக ஜீவித்து வருகின்றன என்பதும், திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் வாங்கிச் சமைத்துண்ணும் குடும்பங்களுக்குக்கூட நினைவில் நிற்பதில்லை. அக்கரையின் வடகோடியில், கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ப் பரப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், செப்பிலி என்னும் செந்நிற மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் தொழிலாளர் ஒருவரோடு ஒரு தை மாதத்துக் காலைப்பொழுதைக் கழிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

இந்த ஆசை எனக்கு எழுந்ததற்கு வெகுதூரத்து மீன் ஒன்று காரணம். அமெரிக்காவின் தென்கரையில், லூயிசியானா, டெக்ஸஸ் முதலிய ராஜ்யங்களின் சதுப்புக் கழிகளில் ரெட்ஃபிஷ் என்று ஒரு மீன் திரிகிறது. அது நம் கத்தாளையின் வமிசத்தைச் சேர்ந்தது. காற்றுப்பையை ஒட்டிய தசைகளைத் துடிக்கச் செய்து முரசறைவது போன்ற ஒலி எழுப்புவது. வாலடியில் கரும்புள்ளி தாங்கியது. அதைப் பிடிக்க விரும்பும் நகரவாசிகள் முன்கூட்டியே ஒரு வழிகாட்டியிடம் நாள் குறித்துப் பணம் கட்டி, அவருடைய படகில் ஏறிச் செல்கிறார்கள். அந்த வழிகாட்டியோ அந்நாட்டுக் கடலோரக் காவற்படையின் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பால் புருடோம் என்ற சமையற்கலைஞர் இம்மீனை மசாலாப் பொடியில் புரட்டிக் கருக வறுத்துப் பரிமாறிய பக்குவம் தேசமெங்கும் பரவியதன் விளைவாக, வெளிக்கடலில் கூட்டங்கூட்டமாகத் திரியும் தாய்மீன்களைப் பெருவலைகள் வாரிக் குவிக்க, இனமே க்ஷீணிக்கும் நிலை நேர்ந்து, மத்திய அரசாங்கம் தன் கடற்பரப்பில் அதைப் பிடிப்பதையே தடுக்க வேண்டியதாயிற்று. அங்கே பிடித்ததை விற்பனைக்கு விடலாகாது என்னும் கொள்கையை 2007-இல் ஜனாதிபதி புஷ் ஓர் ஆணையால் உறுதிப்படுத்தினார். இவ்விருத்தாந்தத்தைப் படித்த நாள் முதல், நம் கழிகளில் அதற்கு ஈடான மீன் எது, அதன் இருப்பிடத்துக்கு வழிகாட்டவல்லார் யார் என்ற விசாரம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

உறவைப் பார்த்தால் கத்தாளை. ஆனால் சுபாவத்தைப் பார்த்தால் செப்பிலிதான். சங்கரா மீனின் குலத்தில் பிறந்தும், சங்கராவைப் போல் வாழ்நாள் முழுவதையும் கடலில் கழிக்காமல், இளமைப் பருவத்தைக் கழிகளிலும் அலையாத்தி வேர்களின் இடுக்கிலும் போக்கி, வளர்ந்து முதிர்ந்த பிறகே வெளிக்கடலின் பார்களை, அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளை, தேடிச் செல்லும் மீன் அது. கல்லோ, வேரோ, மூழ்கிய மரமோ, ஏதேனும் ஒரு மறைவை அண்டி நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இறாலையும் சிறு மீனையும் ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொண்டு மறைவுக்குத் திரும்பிவிடும். வலைக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. கல்லின்மேல் வலை விரித்தால் கிழிவது வலைதான். ஆகவே அதைப் பிடிக்கும் வித்தை இன்றளவும் தூண்டிற்காரர் கையில் இருக்கிறது.

திண்டிவனத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாளிடம்தான் முதலில் விசாரித்தேன். "எம் பெரியப்பா மவன் தூண்டி போடறவருதான் சார். செப்பிலின்னா அவரத்தான் கேக்கணும். ஆனா வேடிக்க பாக்கறதுக்குன்னா கூட்டிட்டுப் போவ மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே, கத்தியைக் கழுவாமல், என் கையிலிருந்த காகிதத்தில் தொலைபேசி எண்ணை நானே எழுதிக்கொள்ளும்படி ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். சில நாட்களுக்குப் பின்னர், திண்டிவனத்திலிருந்து முருக்கேரி வழியாக மரக்காணம் செல்லும் சுமார் 35 கிலோமீட்டர்ச் சாலையில், இருபுறமும் ஏரிகள் நிரம்பிக் கிடக்கும் அழகையும், ஊரை நெருங்கும்போது வயல் மறைந்து உப்பளப் பாத்திகள் தொடங்கும் மாறுதலையும் பார்த்தவாறு சென்று, குப்பத்தில் அவரைக் கண்டேன். அறுபதை எட்டிய வயது, மெலிந்த தேகம், நெற்றிக்குமேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தபடியே பேசும் வழக்கம்.

அவர் விதித்த நிபந்தனைகளைக் கேட்டபோது, லூயிசியானாவின் உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு இவர் எவ்விதத்திலும் குறைந்தவரல்லர் என்று தோன்றிற்று. போகும் நாளை நிர்ணயிப்பது கழியின் நீரோட்டமே, நானல்ல. அமாவாசைக்கு அடுத்த நாட்களில், ஏறிய நீர் வற்றத் தொடங்கும் வேளையில், இருட்டிலேயே வந்துவிட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு முன்னதாகச் சொல்லியாக வேண்டும். துக்கமோ திருவிழாவோ நேர்ந்து ஊரில் தொழில் நிறுத்தம் சொல்லிவிட்டால் பேச்சு ரத்து. அன்றைய தொழிலில் படகுக்கு என்ன கிடைக்குமோ அதைக் கூலியாகக் கொடுக்க வேண்டும்; மீன் அகப்பட்டாலும் படாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரைக்குக் காசு தனி. "இரைக் காசுல மட்டும் பேரம் பேசாதீங்க சார். அது என் காசு இல்ல" என்றார். அதன் தாத்பரியம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

குறித்த நாளன்று விடியற்கருக்கலில், கழியின் ஓரத்து ஆழமற்ற நீரில், நான்கைந்து இருளர் ஸ்திரீகள் மார்பளவு குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். பனையோலையால் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கவ்வியிருந்தார்கள். இரண்டு கைகளும் நீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தன. வலையில்லை, முள்ளில்லை, விளக்கில்லை. விரல்நுனியில் இறாலின் மீசை பட்ட அக்கணமே இரு உள்ளங்கைகளும் கூடி, அது துள்ளுமுன் பறிக்குள் சேர்ந்துவிடும். சேற்றில் கெளுத்தியின் முள்ளும் நண்டின் கொடுக்கும் உண்டு. எதைத் தொட்டோம் என்பதை அறிந்து விலகுவதற்குக் கைக்குக் கிடைக்கும் அவகாசம் இமைப்பொழுதே. மணிக்கணக்கில் உவர்நீரில் ஊறிய அந்த விரல்களின் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். இந்த ஜில்லாவில் இருளர்களை எலியும் பாம்பும் பிடிப்பவர்களாகவும், செங்கற்சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்களாகவும் மட்டுமே ஜனங்கள் அறிந்திருக்கிறார்கள். திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியைப் போன்றவர்கள் அவர்களுடைய உரிமைகளுக்காகப் பல்லாண்டு பாடுபட்டதன் பயனாக அவர்கள் பட்ட அநீதிகள் ஓரளவு வெளியுலகுக்குத் தெரியவந்தன. அவர்களுடைய இந்த நீர்வித்தையைப் பற்றியோ பேசுவார் அரியர்.

வலையில் அகப்பட்ட இறால் நசுங்கியும் மீசை ஒடிந்தும் வரும். கையால் பிடித்ததோ பழுதின்றி உயிரோடிருக்கும். பழுதான இறாலைச் செப்பிலி முகர்ந்தும் பாராது. செப்பிலித் தூண்டில் முழுவதும் இந்த ஸ்திரீகளின் விரல்களை ஆதாரமாகக் கொண்டே நிற்கிறது என்பதைப் பெரியவர் தாமாகவே சொன்னார்: "அவங்க கை இல்லன்னா எங்க தூண்டி வெறும் கம்பி."

படகு சிறியது. அணியத்தில் அவருடைய மகன் மூங்கில் கோலூன்றி நிற்க, அமரத்தில் பெரியவர் உட்கார்ந்து, மரக்கட்டையில் சுற்றிய நரம்பை அவிழ்த்தார். முள்ளைக் கட்டும்போது நரம்பின் நுனியை எச்சிலால் நனைத்துப் பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கினார்; காய்ந்த முடிச்சு சூடேறி அறுந்துவிடும் என்றார். இறாலின் தலையிலுள்ள கொம்புக்கு அடியில், கண்ணாடிபோலத் தெரியும் ஓட்டின் வழியே, உள்ளிருக்கும் கரும்புள்ளியைத் தொடாமல் முள்ளை ஏற்றினார். அப்புள்ளியில் பட்டால் இறால் அக்கணமே மாண்டுபோம், படாவிட்டால் நெடுநேரம் நீந்திக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபை அறுத்துச் செய்த வளையமொன்று. அதற்கு மேலும் கீழும் நரம்பு அறுத்த பழைய தழும்புகள்.

முகத்துவாரத்தின் வடகரையில், செங்கற்பட்டு ஜில்லாவின் எல்லைக்குள், ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் தெரிந்தன. 1750-இல் பிரெஞ்சுக் கவர்னர் டியூப்ளேயின் வசமாகி, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டு, 2004-ஆம் ஆண்டுச் சுனாமியில் மீண்டும் சிதைந்த அக்கோட்டையின் சரித்திரத்தை நான் சொல்ல, அவர் சிரத்தையோடு கேட்டுவிட்டு, அதன் கற்களில் எவை எவை நீருக்கடியில் எங்கெங்கே கிடக்கின்றன என்று எனக்குச் சொன்னார். நான் அறிந்தது மேற்பரப்பின் சரித்திரம். மீனுக்கு வேண்டியது அவர் அறிந்தது. ஒரு கல்லுக்கு நீர்வாட்டின் மேற்புறமாகப் படகை நிறுத்தி, கல்லின் கீழ்ப்புறத்து நிழலுக்கு இரை தானாக மிதந்து போகுமாறு நரம்பை விரல்விரலாக விட்டார். ஈயம் கனத்தால் இரை தரையில் படிந்துவிடும். குறைந்தால் கல்லைத் தாண்டி ஓடிவிடும். வற்றும் நீரின் வேகம் கால்மணிக்கொரு தரம் மாறிக்கொண்டே இருந்தபடியால், ஈயத்தையும் அவர் மாற்றிக்கொண்டே இருந்தார். வெளியே கடலில் வன்னியா தெண்டியா, அதாவது நீர் தெற்கே ஓடுகிறதா வடக்கே ஓடுகிறதா என்பதைப் பொறுத்து, கழியிலிருந்து இறங்கும் நீர் எந்தப் பக்கம் சாயும் என்பதும் அவருடைய கணக்கில் இருந்தது.

என் விரலிலும் சிறிது நேரம் நரம்பைப் பிடிக்கக் கொடுத்தார். மெல்ல உறிஞ்சுவது கெளுத்தி, கொத்திக் கொத்தி விடுவது ஓரா என்று அவர் என் முகக்குறிப்பைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தது வியப்பாக இருந்தது. செப்பிலிக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஒரே இழுப்பு. அவர் நரம்பை என் கையிலிருந்து வாங்கி, ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்காமல், இடுப்பை வளைத்துப் பின்னுக்குச் சாய்ந்தார்; கல்லுக்குள் புகுந்துவிட்டால் மீனும் போயிற்று, முள்ளும் போயிற்று. படகு ஒருபக்கமாகத் தாழ்ந்தது. மகன் ஒரு சொல்லும் கேளாமலே கோலை மாற்றி ஊன்றினான். மேலே வந்த மீன் முழங்கை நீளம் இருந்தது. செம்பின் நிறம் முதுகில் கறுத்தும் வயிற்றில் வெளிறியும், செதில் ஒவ்வொன்றும் வெள்ளி விளிம்பு கட்டியும், இளஞ்சூரியனில் அது கிடந்த அழகை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. அதன்பிறகு வந்த ஒன்று சாணளவுக்கும் குறைவு. அதை முள்ளிலிருந்து கழற்றி நீரில் விட்டார். குஞ்சுகளையெல்லாம் கழியிலேயே பிடித்துத் தீர்த்துவிட்டால் வெளிக்கடல் பார்களில் தாய்மீன் எங்கிருந்து வரும்? லூயிசியானாவில் பெரிய மீனைப் பிடித்துக் கெட்டார்கள். இங்கே சிறிய மீனைப் பிடித்துக் கெடுவதற்கு இடமுண்டு. கண்ணி சிறிய செவுள் வலைகளைக் கழிக்குள் நெருக்கமாகக் கட்டுவதைப் பற்றி அவருக்குப் பெருங்குறை இருந்தது.

கரையை ஒட்டிய நீரை 1983-ஆம் ஆண்டுச் சட்டம் பாரம்பரிய மீனவருக்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் 61 நாட்களிலும் இவர்கள் தொழில் செய்யத் தடையில்லை. கழுவெளியின் 5,151.60 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களான ராம்சார் ஸ்தலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. "பறவைக்கு எல்லை போட்டது நல்லதுதான் சார். நாங்க எங்க நிக்கணும்னு எங்களையும் ஒருவாட்டி கேட்டிருக்கலாம்" என்றார் பெரியவர். அவர் சொன்னது நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரை கடந்து, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளநீர் கழியில் எவ்வழியாக இறங்கிற்று, எந்தத் திட்டு கரைந்தது, எங்கே புதிதாக மணல் குவிந்தது என்பதையெல்லாம் அவர் துடுப்பின் நுனியால் சுட்டிக்காட்டினார். இந்த நீரைப் பற்றித் திட்டம் வகுப்போர் எவரும் முதலில் உட்கார்ந்து கேட்கவேண்டிய பாடம் அது.

இங்கும் ஒருநாள் வெளியூரார் நாள் குறித்துப் பணம் கட்டித் தூண்டில் பிரயாணம் வரக்கூடும். வரட்டும். ஆனால் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் வந்து பளபளக்கும் படகை நிறுத்தி, இப்பெரியவரைக் கோலூன்றும் கூலியாளாகவும், இருளர் ஸ்திரீகளை இரை விற்போராகவும் வைத்துக்கொள்ளுமானால், அதைவிட இப்பிரயாணங்கள் இல்லாதிருப்பதே மேல். அங்கே வழிகாட்டிக்கு உரிமம் கொடுத்துக் கௌரவிக்கும் முறையைப் பின்பற்றி, இங்குள்ள ஊர்ப் பஞ்சாயத்தும் மீன்வளத் துறையும் கூடி, யார் அழைத்துச் செல்லலாம், எந்த மாதத்தில், எந்த அளவுக்குக் கீழ்ப்பட்ட மீனை விட்டுவிட வேண்டும் என்று விதித்தல் கூடாத காரியமன்று.

கரையேறியதும் கணக்கு நடந்தது. நான் கொடுத்த தொகையைப் பெரியவர் மணலில் உட்கார்ந்து பிரித்தார். முதலில் இரைக் காசு. அதை எண்ணி, பறியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த ஸ்திரீகளில் மூத்தவளிடம் மகனை அனுப்பிக் கொடுக்கச் செய்தார். பிறகு படகுக்கு ஒரு பங்கு, தமக்கொன்று, மகனுக்கொன்று. செப்பிலியை நான் விலைக்குக் கேட்டேன். அது திண்டிவனத்துக்குப் போக வேண்டும், தங்கைக்கு வாடிக்கை தவறக்கூடாது என்று மறுத்துவிட்டு, கெளுத்தி இரண்டை ஓலையில் சுற்றி என் கையில் வைத்தார்.