பேசும் கம்பி, கேட்கும் கம்பி



எண்ணூரில் நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் தம் பழைய மடிக்கணினியில் எழுதி வைத்தவற்றைப் படிக்க விரும்பி, அவருடைய மகன் அதை என்னிடம் கொண்டுவந்தார். தந்தையும் மகனும் பல ஆண்டுகள் முகங்கொடுத்துப் பேசாதவர்கள். ஊழியத்துக்கு வருமுன் நான் கணினி பழுதுபார்த்தவன் என்பதை அவர் அறிவார்.

அது 1990களின் கணினி. யுஎஸ்பி இல்லை, பிளாப்பி டிரைவ் பழுது. ஒன்பது பின்கள் கொண்ட சீரியல் போர்ட் மட்டுமே வழி. என் கணினியோடு கேபிளால் இணைத்தோம். ஓர் எழுத்தும் வரவில்லை. கடற்காற்றின் உப்பினால் பின்களில் களிம்பு ஏறியிருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம். அப்போதும் மௌனமே.

பழுது எங்கே என்றறிய ஒரு சோதனை உண்டு. கேபிளைக் கழற்றிவிட்டு, போர்ட்டின் 2ஆம் 3ஆம் பின்களைச் சிறு கம்பியால் இணைத்தால், நாம் தட்டும் எழுத்து நமக்கே திரும்பிவர வேண்டும். இரு கணினிகளிலும் வந்தது. ஆகவே குறை கேபிளில்தான்.

இத்தகைய போர்ட்டில் 3ஆம் பின் பேசும், 2ஆம் பின் கேட்கும், 5ஆம் பின் இருவருக்கும் பொதுவான தரை. எங்களிடம் இருந்ததோ மோடத்துக்கான நேர் கேபிள். அது 3ஐ 3உடனே சேர்க்கும். இரு கணினிகளும் பேசின, கேட்பதற்கு எதுவுமில்லை. ஒன்றின் 3 மற்றதன் 2இல் சேருமாறு குறுக்காக இணைத்த ‘நல் மோடம்’ கேபிளை ரிச்சி தெருவில் வாங்கிவந்தோம்.

இப்போது எழுத்துகள் வந்தன. ஆனால் பொருளற்ற குறிகளாக. பழையது நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பியது. என்னுடையது 115200இல் காத்திருந்தது. என்னுடையதை 9600க்கு இறக்கினேன். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், வரி வரியாகத் திரையில் தோன்றியது. முதற்சொல் மகனின் பெயர்.

நான் எழுந்து வெளியே சென்றேன். நெடுநேரத்துக்குப் பின் வந்த அவர், “ஐயா, நாங்களும் ஒரே வீட்டில் இப்படித்தான் இருந்தோம், இருவருமே 3ஆம் பின்” என்றார்.

பிரியமானவர்களே, நம் இல்லங்களில் பேச்சு குறைவில்லை. நம் சொல் போய்ச் சேரும் இடத்தில் கேட்கும் மனம் உண்டா? முதியவருக்காகவும் குழந்தைக்காகவும் நம் வேகத்தைக் குறைக்கிறோமா? அந்த மகனுக்குக் கடிதமாவது கிடைத்தது. பதில் சொல்லத் தந்தை இல்லை. உங்களுக்கு இந்த வாரம் இன்னும் இருக்கிறது. பேசாதிருக்கும் ஒருவரிடம் சென்று, முதலில் கேளுங்கள்.

ஆண்டவரே, கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். ஆமென்.