காற்புள்ளியை நீக்கலாமா?

1937இல் உ.வே.சாமிநாதையர் உரையுடன் பதிப்பித்த குறுந்தொகையை வகுப்பிற்காக வலைப்பக்கங்களாக்க முனைந்தோம். மாணவர் ஒருவர் ரூபியில் எழுதிய நிரல், தரவுக் கோப்பைப் படித்து நிலைப்பக்கங்களை ஆக்கித் தரும். அது அறிந்த வடிவம் சிஎஸ்வி மட்டுமே. அதில் கட்டங்களைப் பிரிப்பது காற்புள்ளி. உரையிலிருந்த காற்புள்ளிகளில் எல்லாம் வரிகள் உடைந்தன. தோழி கூற்று ஒன்றின் உரையில் பாதி, புலவர் பெயருக்குரிய கட்டத்தில் போய் நின்றது.

"காற்புள்ளிகளை நீக்கிவிடலாம் ஐயா" என்றார் மாணவர். சுவடியில் காற்புள்ளி இல்லைதான். ஆனால் எச்சொல் எதனோடு இயையும் என்று உரையாசிரியர் முடிவு செய்த இடமல்லவா அது? மறுத்துவிட்டேன்.

அட்டவணையிலிருந்து நகலெடுத்தால் கட்டங்களுக்கிடையே டேப் இடைவெளி வரும். அவ்விடைவெளியால் பிரியும் டிஎஸ்வி வடிவத்தையும் நிரலுக்குக் கற்பித்தோம். ரூபியின் சிஎஸ்வி நூலகத்திற்குப் பிரிகுறி இன்னதென்று சொன்னால் போதும், சில வரிகள்தான். அன்றிரவு அந்தத் தோழி கூற்று, காற்புள்ளிகளோடு, தன் இடத்தில் முழுதாய் இருந்தது.