கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் மாட்டுக்கறி

நியூயார்க்கிலிருந்து திரும்பி வந்ததும் தோழர் ஒருவர் கேட்டார்: "நூறு டாலர் மாட்டுக்கறி தின்னுட்டு வந்திருக்கீங்களாமே, இதுவும் தலித் அரசியல்தானா?" நான் காசு கொடுக்கவில்லை, இரண்டு முறையும் அடுத்தவர் செலவு. ஆனாலும் கேள்வி நியாயமானது. ஸ்டேக் ஹவுஸ் என்பது பணக்காரர்களும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேரம் முடிக்கிற இடம். வெள்ளைத் துணி விரித்த மேசை, கனமான கத்தி, இருட்டான மர வேலைப்பாடு. ஒரு கருத்தரங்கில் பேசப்போன எனக்கு அங்கே என்ன வேலை? அதைத்தான் எழுதப்போகிறேன்.

சாப்பிடப் போவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட்டேன். மன்ஹாட்டனில் 52ஆம் தெருவில் கேலகர்ஸ் என்று ஒரு ஸ்டேக் ஹவுஸ். 1927இல், மதுவிலக்குக் காலத்தில் தொடங்கியது. அதன் இறைச்சி அறை தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. பெரிய கண்ணாடி, உள்ளே விளக்கு, வரிசை வரிசையாக மாட்டுக்கறி. தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நானும் பத்து நிமிடம் நின்றேன்.

எங்கள் பக்கத்துக் கறிக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் நின்றேன் என்று புரியும். நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். அங்கே ஆட்டுக்கறிக் கடையில் உரித்த ஆடு வாசலிலேயே முழுசாகத் தொங்கும், யாருக்கும் கூச்சமில்லை. மாட்டுக்கறிக் கடைக்கு மட்டும் சாக்குத் திரை. கறியைக் கறுப்புப் பையில் கட்டி, அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு, மேலே கீரைக்கட்டு வைத்துக் கொண்டுவருவார் அம்மா. பேரைக்கூட நேராகச் சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி "பெரிய கறி" என்பார்கள். வாங்குகிறவருக்குப் பிடித்த சாப்பாடு, விற்கிறவருக்கு நேர்மையான தொழில். பிறகு அந்தத் திரை யாருக்காகத் தொங்கியது? தெருவில் போகிற மூன்றாவது ஆளின் கண் தீட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

என்னை முதலில் அழைத்துப் போனவர் ஒரு நம்மூர்க்காரர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், இப்போது அங்கே மென்பொருள் வேலை. கருத்தரங்கில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து கைகொடுத்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "நீங்க பீஃப் சாப்பிடுவீங்கதானே சார்?" என்று கேட்டார். என் சாதி தெரிந்தபின் இந்தக் கேள்வியைப் பலர் பல தொனியில் கேட்டிருக்கிறார்கள். இவர் குரலில் இளப்பம் இல்லை. கூடச் சாப்பிட ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் இருந்தது.

போன இடம் 36ஆம் தெருவில் உள்ள கீன்ஸ். 1885இல் தொடங்கியது. உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்க வைத்துவிடுவார்கள். கூரை முழுக்க நீளமான களிமண் புகைக்குழாய்கள், ஆயிரக்கணக்கில். அந்தக் காலத்தில் வாடிக்கையாளர்கள் தங்கள் குழாயை இங்கேயே வைத்துவிட்டுப் போவார்களாம். தியோடர் ரூஸ்வெல்ட்டின் குழாயும் ஐன்ஸ்டைனின் குழாயும்கூட இங்கே உண்டு. அவர்கள் வாயில் வைத்ததை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் டீக்கடைகளில் நாங்கள் வாய் வைத்த தம்ளர் எங்கே இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர் இரண்டு பேருக்கான போர்ட்டர்ஹவுஸ் சொன்னார். மாட்டின் இடுப்புக்கு முன்னால், முதுகுப் பக்கத்தில் வருகிற துண்டு அது. நடுவில் 'டி' எழுத்து மாதிரி ஒரு எலும்பு. அதன் ஒரு பக்கம் கொஞ்சம் கடிபடுகிற கறி, இன்னொரு பக்கம் வெண்ணெய் மாதிரி இளசான டெண்டர்லாயின். உப்பு, நெருப்பு, அவ்வளவுதான். மசாலா கிடையாது. மேலே கருகி, உள்ளே சிவந்து வந்தது. தட்டில் ஓடிய சிவப்பு நீரைக் காட்டி, "ரத்தம் இல்லை சார், பயப்படாதீங்க" என்றார். அது மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர், அவர் சொன்னது சரிதான். எனக்குச் சிரிப்பு வந்தது. வெங்காயம் போட்டு ரத்தம் பொரித்த வீட்டில் வளர்ந்தவனிடம் சொல்கிறார்.

ருசியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பிரமாதமாக இருந்தது. இப்படி ஒரு மாட்டுக்கறியை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை.

அதற்குக் காரணம் அந்தக் கறியைப் பதப்படுத்தும் விதம். 'டிரை ஏஜிங்' என்கிறார்கள். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் அளந்து வைத்து, மூன்று நான்கு வாரம் கறியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீர் வற்றுகிறது, கறியில் உள்ள நொதிகளே நாரை இளக்குகின்றன. காய்ந்து கறுத்த மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைச் சுடுகிறார்கள். எடை போகிறது, வீணாகிறது, அதனால் விலை ஏறுகிறது. நண்பர் இதை விளக்க விளக்க, எனக்கு எங்கள் வீட்டு உப்புக்கண்டம்தான் கண்ணில் நின்றது. கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கொடியில் போட்டுக் காயவைப்பது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒருநாள் வாங்கிய கறியை ஒரு மாதத்துக்கு நீட்டிக்கிற அறிவு அது. பிறகு தணலில் சுட்டுத் தட்டிப்போட்டால், பழைய சோற்றுக்கு அதைப்போல ஒன்று கிடையாது.

இரண்டும் ஒரே வேலை: கறியிலிருந்து நீரை எடுப்பது. அவர்கள் சீவி எறிய முடிகிறவர்கள், நாங்கள் நரம்பைக்கூட எறிய முடியாதவர்கள். அதற்கு அவர்கள் கண்ணாடி போட்டு விளக்கு வைத்தார்கள். எங்கள் கொடியைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் "உங்க வீட்ல தோரணம் கட்டியிருக்காங்கடா" என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் பரிமாறியவரிடம் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம். நண்பர் மெதுவாகச் சொன்னார்: "சார், இதை ஃபேஸ்புக்ல மட்டும் போட்டுடாதீங்க. அம்மா பார்த்தா வருத்தப்படுவாங்க." போடவில்லை. இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு வீடு பேசி முடிந்து, முன்பணம் கொடுக்கப் போன அன்று, "நான்வெஜ் சமைப்பீங்களா? அதுலயும் எல்லாம் சமைப்பீங்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. நண்பர் உண்மையில் அன்று என் எதிரில் முக்கால் கிலோ மாட்டுக்கறியில் பாதியைச் சாப்பிட்டார். அவருக்கு எந்த ஊரிலும் வீடு மறுக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கும் கறிக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கீன்ஸுக்கு இன்னொரு கதை உண்டு. முதலில் அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் இடம். லில்லி லாங்ட்ரி என்ற நடிகைக்குப் பரிமாற மறுத்தார்கள். அவர் 1905இல் வழக்குப் போட்டு ஜெயித்தார். இன்று அந்த உணவகமே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. கறுப்பின மக்களுக்கு இன்னும் நெடுநாள் ஆனது. அலபாமாவில் பர்மிங்காம் நகரத்தில் ஆலீஸ் பார்பிக்யூ என்று ஒரு கடை. கறுப்பர்கள் கறியைப் பொட்டலமாக வாங்கிப் போகலாம், உள்ளே உட்காரக் கூடாது. சிரட்டையில் டீ வாங்கி வெளியே நின்று குடித்தவர்களின் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்து, அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கடைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

நமக்கு அது 14 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாதியின் பேரால் யாரையும் கடையிலும் உணவகத்திலும் தடுக்கக் கூடாது என்கிறது. அதை எழுதிய குழுவின் தலைவர், கீன்ஸிலிருந்து சில மைல் வடக்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்தவர். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே போய்விட்டது என்றும், பரோடாவில் தங்க இடம் தேடியபோதுதான் அது திரும்பி வந்தது என்றும் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் 1948இல் ஒரு முழு நூலே எழுதினார். பிராமணர்களும் ஒரு காலத்தில் மாட்டிறைச்சி தின்றவர்கள், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அதை விட்டார்கள், விட முடியாமல் செத்த மாட்டைத் தின்றவர்கள் தீண்டத்தகாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அதே அம்பேத்கர்தான் 1927இல் மகாட்டில் செத்த மாட்டுக்கறியை விடுங்கள் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாட்டுக்கறி தின்றால்தான் தலித் என்று பேசுகிற நம் இளைஞர்கள் சிலருக்கு இதைச் சொல்கிறேன். தின்னாத தலித்துகளும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வீடு கிடைப்பதில்லை.

15ஆம் பிரிவு எங்களை உணவகத்துக்குள் விட்டது. எங்கள் சாப்பாட்டை விட்டதா? 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர்! அங்கே தெருவுக்குத் தெரு பீஃப் பிரியாணி. ஆனால் திருவிழாவில் அதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, வெளியே இலவசமாகக் கொடுப்போம் என்று அமைப்புகள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இதைப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது. அதே தமிழ்நாட்டில் பல நட்சத்திர விடுதிகளில் 'டெண்டர்லாயின் ஸ்டேக்' கிடைக்கிறது. பெரும்பாலும் எருமைக்கறி. மெனுவில் பீஃப் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டால் போதும், ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கலாம், திரை தேவையில்லை.

இரண்டாவது அழைப்பு புரூக்ளினில், பீட்டர் லூகர். 1887இல் தொடங்கிய இடம், ஜெர்மானியச் சாராயக் கடை சாயல், துணி விரிக்காத மர மேசை. கூட வந்தவர் கறுப்பினத் தோழர், தொழிற்சங்கக்காரர். கடனட்டை வாங்க மாட்டார்கள் என்று முன்பே தெரிந்து நோட்டாக எடுத்து வந்திருந்தார். கறியை அரிந்து, கொதிக்கிற தட்டைச் சாய்த்து வைத்து, கீழே சேருகிற வெண்ணெயும் சாறும் எடுத்து மேலே ஊற்றுகிறார்கள். தோழர், அடிமைகளாயிருந்த தன் முன்னோர்களுக்குப் பன்றியின் குடலும் காலும்தான் விடப்பட்டன என்றும், தன் பாட்டி அதில் செய்த சமையலுக்கு இது ஈடில்லை என்றும் சொன்னார். நான் போட்டி சமைக்கிற விதத்தைச் சொன்னேன், குடலைச் சுண்ணாம்பு போட்டு உரசிக் கழுவுவதிலிருந்து. பக்கத்து மேசைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

எலும்பைக் கட்டித் தரச் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் கேட்பதுதானாம். மறுநாள் தோழரின் வீட்டு அடுப்பில் மிளகும் பூண்டும் தக்காளியும் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டே அக்காவுக்கு வீடியோவில் பேசினேன். டிரை ஏஜிங்கைப் பற்றி நான் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நல்லிய உடைச்சுப் போட்டியா, அப்படியே போட்டியா?" என்று கேட்டார்.