ஊமை ரேடியோவுக்கு ஒரு ‘கீ...’

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். ஓம்ஸ் லா எங்கள் கிளாஸ் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதனால், இந்த வாரம் நான் எலெக்ட்ரானிக்ஸ் பேசினால் அது உங்களுக்கும் புரியும் என்று தைரியமாக நம்பலாம்.

பழைய வால்வு ரேடியோக்களுக்கு ஒரு விசித்திரமான வியாதி உண்டு. சுவிட்சைப் போட்டால் டயல் பல்பு எரியும். உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றாகச் செக்கச்செவேல் என்று கனியும். பெட்டி சூடாகும். எல்லாம் சரி, சத்தம் மட்டும் வராது. புகை வந்தாலாவது எந்த இடம் என்று தெரியும். இது கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்கே வலிக்கிறது என்று அதனிடம் கேட்கவா முடியும்?

முடியும். கேட்பதற்கென்றே ஒரு சின்ன சாமான் இருக்கிறது. சிக்னல் இன்ஜெக்டர். 

கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியோவும் அப்படித்தான். ஏரியல் பிடித்துத் தருவதை முதல் வால்வு வாங்கி வேறொரு அலைவரிசைக்கு மாற்றுகிறது. பெரும்பாலான செட்களில் அது 455 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அடுத்த வால்வு அதைப் பெரிசாக்குகிறது. அதற்கடுத்தது அதிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கொஞ்சம் ஊட்டம் கொடுக்கிறது. கடைசி வால்வு ஸ்பீக்கரை உதைக்கிறது. ஐந்தாவது ஒன்று, இவர்கள் நால்வருக்கும் சாப்பாடு போடுகிற ரெக்டிஃபயர்.

செங்கல் மேலே வந்து சேரவில்லை. யார் நழுவவிட்டது? சுலபமான வழி: கடைசி ஆள் கையில் நீங்களே ஒரு கல்லைக் கொடுங்கள். மேலே போகிறதா? சரி, அவர் ஒழுங்கு. அவருக்கு முந்தின ஆளிடம் கொடுங்கள். அப்புறம் அதற்கு முந்தினவர். எந்த இடத்தில் கல் போகாமல் நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

பழைய மெக்கானிக்குகள் இதை விரலாலேயே செய்தார்கள். வால்யூம் கன்ட்ரோலின் நடுக் காலை விரலால் தொட்டால் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று வரும். வந்தால் அதற்கு அப்பால் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிரமாதமான டெக்னிக். என்ன, விரல் கொஞ்சம் தவறினால் 250 வோல்ட். அதோடு, விரல் தருகிற ‘உர்’ வால்யூம் கன்ட்ரோலுக்கு முந்தைய உயர் அலைவரிசைப் பகுதிகளில் பிரயோஜனப்படாது.

இங்கேதான் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். ஹென்ரி ஆப்ரஹாம், யூஜின் ப்ளோக். முதல் உலகப்போர் சமயத்தில் உருவாக்கி, 1919-ல் ஒரு சர்க்யூட்டை விவரமாக வெளியிட்டார்கள். இரண்டு வால்வுகள் ஏற்றப்பலகையில் உட்கார்ந்த குழந்தைகள் மாதிரி. ஒன்று வேலை செய்யும்போது மற்றதை அமுக்கி வைக்கும். அமுக்கப்பட்டது கொஞ்ச நேரத்தில் எழுந்து முதலாவதை அமுக்கும். மாறி மாறி, விநாடிக்குச் சில நூறு தடவை. இதிலிருந்து வருவது வழவழப்பான அலை இல்லை, செங்குத்தாக ஏறி இறங்குகிற முரட்டு அலை. அந்த முரட்டுத்தனத்தில்தான் விஷயம். அதன் உள்ளே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நூறு மடங்கு என்று குட்டி அலைகள் அடுக்கடுக்காக ஒளிந்திருக்கின்றன. அதனாலேயே ‘மல்டிவைப்ரேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். காதுக்கு ‘கீ’ என்று கேட்கிற அதே சத்தம், 455 கிலோஹெர்ட்ஸிலும் இருக்கிறது, ஏரியல் அலைவரிசையிலும் இருக்கிறது. ரேடியோவின் எந்த இடத்தில் தொட்டாலும் அந்த இடத்துக்குப் பொருத்தமான சிக்னல் ரெடி!

எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தது, வயதான ஒரு மெக்கானிக் அண்ணன். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒன்று செய்தோம். கைப்பழக்கம் உள்ளவர்களுக்காக விவரம் தருகிறேன். இல்லாதவர்கள் ஒரு பாரா தாண்டி வாருங்கள்.

வால்வு: இ.சி.சி.83. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு என்பதால் ஒன்றே போதும். கிடார் ஆம்ப்ளிஃபயர்களின் புண்ணியத்தில் ஸ்லோவாகியா மாதிரி நாடுகளில் இன்றும் புதிதாகவே தயாராகிறது. இரண்டு ஆனோடுக்கும் தலா 100 கிலோ ஓம்ஸ். இரண்டு கிரிட்டிலிருந்தும் தரைக்குத் தலா 220 கிலோ ஓம்ஸ். கேத்தோடுகள் நேராகத் தரைக்கு. இந்த ஆனோடிலிருந்து அந்த கிரிட்டுக்கும், அந்த ஆனோடிலிருந்து இந்த கிரிட்டுக்கும் 0.001 மைக்ரோஃபாரட் கண்டென்சர். ஒரு ஆனோடிலிருந்து இன்னொரு 0.001 வழியாக ஒரு 500 கிலோ ஓம்ஸ் வால்யூம் கன்ட்ரோல். அதன் நடுக் காலிலிருந்து 630 வோல்ட் தாங்கும் கண்டென்சர் வழியாகக் குத்தூசி. தரையிலிருந்து ஒரு முதலைக் கிளிப். கரன்ட்டுக்கு, இரண்டு 6 வோல்ட், 1 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர்களை முதுகோடு முதுகு சேர்க்க வேண்டும். முதலாவது 230-ஐ 6 ஆக்கி வால்வின் இழைக்கும் கொடுக்கிறது. இரண்டாவது அந்த 6-ஐத் திருப்பி ஏற்றி 200 வோல்ட் பக்கம் தருகிறது. அப்புறம் ஒரு டயோடு, 450 வோல்ட் தாங்கும் ஒரு ஃபில்டர் கண்டென்சர். அதன் குறுக்கே, சார்ஜ் வடிவதற்காக, ஒரு வாட்டில் 220 கிலோ ஓம்ஸ். தீர்ந்தது.

‘ஒன்பது வோல்ட் பேட்டரியில் இரண்டு டிரான்சிஸ்டர் வைத்து இதையே தீப்பெட்டி சைஸில் செய்யலாமே சார்?’ என்பீர்கள். தாராளமாக. ஆனால் 250 வோல்ட் உலவும் இடத்தில் ஒரு சின்ன தப்புத் தொடலில் டிரான்சிஸ்டர் பரலோகம் போய்விடும். வால்வு பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

இந்த இடத்தில் ஜோக்கை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். வால்வு சர்க்யூட்டில் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்டேஜ். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டரை வைத்து வடிந்துவிட்டதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். குத்தூசியால் தொடும்போது இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். வால்வுகளின் பெயர் ‘யு’ என்று ஆரம்பித்தால் அநேகமாக அது ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். தகட்டுச் சட்டத்திலேயே மெயின்ஸ் இருக்கலாம். அதில் கிளிப்பை மாட்டவே மாட்டாதீர்கள். தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மாடி வீட்டுப் பெரியவர், தபால் துறையில் ரிட்டயர் ஆனவர். அவரிடம் ஐந்து வால்வு செட் ஒன்று இருந்தது. “ரெண்டு கடையில காட்டிட்டேன் தம்பி. ஒருத்தர் வால்வெல்லாம் போச்சு, நாலாயிரம் ஆகும்கறார். இன்னொருத்தர் செட்டே அவுட்டுங்கறார். பையன் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாம்னு நிக்கறான்.”

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் செட்டை அணைத்து, ஸ்பீக்கரில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். ‘டக்’. ஸ்பீக்கர் நலம். பிறகு செட்டைப் போட்டு, கடைசி வால்வான இ.எல்.84-ன் கிரிட்டில் குத்தூசி. ‘கீ...’ பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு முந்தின இ.பி.சி.81-ன் ஆனோடில் வைத்தார். ‘கீ...’ அதே வால்வின் கிரிட்டில் வைத்தார். சத்தம் இன்னும் பலமாக வர வேண்டிய இடம். மௌனம்.

“இங்கதான்,” என்றார் அண்ணன். மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆனோடில் மீட்டரை வைத்தால் பூஜ்யம். அந்த வால்வுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற 220 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போயிருந்தது. வெளியே பார்க்க அழகாக, கோடு கோடாக, புதுசு மாதிரி இருந்தது. செட்டை அணைத்து, சார்ஜ் வடிந்ததும் மாற்றினார். மறுபடி குத்தூசி. கிரிட்டில் ‘கீ...’ வால்யூம் கன்ட்ரோலில், அதற்கு முந்தின வால்வில், கடைசியாக ஏரியல் முனையில். டயலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘கீ...’ ஏரியல் ஒயரை மாட்டியதும் எங்கிருந்தோ நாகஸ்வரம் வந்தது.

பெரியவர் கேட்டார்: “ரெண்டு ரூபா சாமானுக்கா தம்பி இத்தனை நாளா ஊமையா கிடந்துச்சு?”

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பழைய சாமான்காரனின் தராசுக்கும் அந்த ரேடியோவுக்கும் நடுவே இருந்தது இரண்டு ரூபாய் அல்ல, எங்கே என்று தேடிப் பார்க்க ஒரு ஆள். இனி அந்த ஆள் இன்னும் அவசியம். ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2015 கடைசியோடு மீடியம் வேவை நிறுத்திவிட்டது. இன்னும் பல நாடுகளில் ஸ்டேஷன்கள் மூடப்பட்டுவிட்டன. செட் பேசாவிட்டால் குறை செட்டிலா, ஆகாயத்திலா என்றே தெரியாது. கையில் சொந்தமாக ஒரு ‘கீ’ இருந்தால் தெரியும்.

பி.காம்.காரனான எனக்கு இது புதுசும் இல்லை. ஆடிட்டில் வாக்-த்ரூ டெஸ்ட் என்பார்கள். ஒரே ஒரு வவுச்சரை எடுத்துக்கொண்டு, அது பதிவானதிலிருந்து லெட்ஜர் வரை கூடவே நடந்து போவது. எங்கே காணாமல் போகிறதோ, அங்கே நின்றால் போதும். மொத்தக் கணக்கையும் கிழித்துப் போட வேண்டியதில்லை.

மிக்சியோ, மோட்டாரோ, மூன்று மாதமாக நகராத உங்கள் மனுவோ. ‘மொத்தமா போச்சு சார்’ என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

“எதுவரைக்கும் வருது?”