அலமாரிக்கு ஆள் தேடினால்

ஸ்காபரோ, டொரண்டோ



கனடா வீட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். கொஞ்சம் தள்ளித் தட்டினால் சத்தம் கெட்டிப்படும். அங்கே ஒரு மரச்சட்டம் நிற்கிறது. அதிலிருந்து 16 அங்குலம் அளந்தால் பெரும்பாலும் அடுத்த சட்டம் அகப்பட்டுவிடும். 4 அடிக்கு 8 அடிப் பலகையை எப்படி வைத்தாலும் அதன் ஓரம் ஒரு சட்டத்தின்மேல் விழவேண்டும் என்பதற்காகப் போட்ட கணக்கு அது. வெளியே செங்கல் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். இன்றைய புறநகர் வீடுகளில் செங்கல் வெறும் சட்டைதான். கூரையின் பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் ஸ்புரூஸ், பைன் மரச்சட்டங்கள்.

அந்தச் சட்டத்துக்கு 'டூ பை ஃபோர்' என்று பெயர். அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அறுத்த மரம் காய்ந்து, இழைத்துக் கடைக்கு வருவதற்குள் மீதி போய்விடுகிறது. நாடு மெட்ரிக்குக்கு மாறி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் தச்சர் இடுப்பில் தொங்கும் டேப் இன்றும் அடி, அங்குலக் கணக்கில்தான் ஓடுகிறது.

நம்மூரில் ஆசாரி ஒருவர் வந்தால் நிலை வைப்பார், கதவு கோப்பார், கட்டில் செய்வார்; போகிறபோக்கில் அரிவாள்மனைக்குப் புதுக் கட்டையும் போட்டுத் தருவார். இங்கே அந்த ஒருவரைப் பலராகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டின் எலும்பை நிறுத்துகிறவர் 'ஃப்ரேமிங்' ஆள். கதவு, சன்னல் ஓரச் சட்டம், தரையோரப் பலகை எல்லாம் 'ஃபினிஷிங்' ஆள் வேலை. அடுப்படி அலமாரி செய்கிறவர் பட்டறையை விட்டு அதிகம் வெளியே வரமாட்டார். படிக்கட்டு மட்டுமே செய்து பிழைப்பவர்களும் உண்டு. எனவே ஒரு வீட்டின் தச்சுவேலை நாலைந்து கைகள் மாறித்தான் முடியும். ஒருவர் விட்ட கோணலை அடுத்தவர் மறைக்கவேண்டும், அவர் மறைத்ததைப் பெயின்டர் பூசவேண்டும்.

எனக்குத் தெரிந்த சாவகச்சேரி அண்ணை ஒருவர் இங்கே நிலவறை வேலை எடுத்துச் செய்கிறார். வீட்டுக்குக் கீழே வெறும் கான்கிரீட்டாகக் கிடக்கும் இடத்தைத் தடுத்து, அறையாக்கி, கதவு போட்டுக் கொடுப்பார். ஊரில் வெங்காயமும் புகையிலையும் நட்ட குடும்பம். உளியைத் தொட்டதே இங்கு வந்த பிறகுதான். விடியுமுன் டிம் ஹார்ட்டன்ஸ் காப்பிக் கடை வாசலில் வேன்கள் சேரும்போது அவரையும் பார்க்கலாம். கையில் காப்பி, மறு கையில் போன். "இந்தக் கைப்பிடிச் சட்டம் வளைஞ்சு வருது, உன்ர ஆள் செய்வாரோ?" என்று படம் காட்டுவார். எதிரே நிற்கும் வயதான போர்ச்சுகல்காரர் தன் போனில், வீட்டுக்கு வெளியே போடும் மரத்தளம் ஒன்றைக் காட்டி, "இது உனக்கு" என்பார். அந்தத் தளத்தின் தூணுக்கு 4 அடி ஆழம் தோண்டவேண்டும். குளிர்காலத்தில் மண் அந்த ஆழம்வரை உறையக்கூடும். மேலோட்டமாகக் குழி போட்டால் உறைந்த மண் தூணைத் தூக்கிவிடும். முதுகு வலிக்கும் வேலை. வயதானவர் அதை இளையவருக்குத் தள்ளுகிறார், இளையவர் நுணுக்க வேலையை வயதானவருக்கு அனுப்புகிறார். இப்படி அனுப்புவதற்குக் கமிஷன் கேட்பவர்களும் உண்டு. அண்ணை வாங்குவதில்லை.

இந்தப் பரிமாற்றத்தை வெறும் நட்பு என்று நினைத்திருந்தேன். அதற்குமேல் ஒரு காரணம் இருக்கிறது. ஒண்டாரியோ மாகாணத்தில் மின்வேலைக்கும் குழாய் வேலைக்கும் உரிமம் கட்டாயம். தச்சுவேலைக்கு அப்படி இல்லை. வகுப்பும் களவேலையுமாக 7,200 மணி நேரம் பயிற்சி, முடிவில் பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் அது இல்லாதவரும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்து வேலை கேட்கலாம், சட்டம் தடுக்காது. ஆகவே நல்ல தச்சரையும் நேற்று வேன் வாங்கியவரையும் பார்த்ததும் பிரித்தறிய வழியில்லை. கூடத் தொழில் செய்கிறவர் சொல்லும் பெயர்தான் இங்கே உண்மையான சான்றிதழ். யார் எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

டொரண்டோவை ஒட்டிய மார்க்கமில் என் நண்பர் வீடு வாங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவர் அம்மாவுக்குச் சாமி அலமாரி வேண்டியிருந்தது. துணி மாட்டும் அடைப்பு ஒன்றைக் காலி செய்து கொடுத்தார்கள். அண்ணை வந்து பார்த்தார். "பிளைவுட்டில பெட்டி அடிச்சுத் தரலாம் தம்பி. ஆனா அம்மா கேக்கிறது அது இல்லை. அந்தக் கிழவனிட்டக் காட்டுவம்" என்றார். கைக்கு வந்த வேலையை அவர் விட்டுக்கொடுத்தது எனக்கு அப்போது வியப்பாக இருந்தது.

போர்ச்சுகல் பெரியவர் வந்ததும் அளக்கத் தொடங்கவில்லை. "தீ எவ்வளவு நேரம் எரியும்?" என்று கேட்டார். அவர் தாயாரும் ஃபாத்திமா மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுவாராம். மேல் தட்டு கரிந்த கதை அவருக்குத் தெரியும். புகை எச்சரிக்கைக் கருவி எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார். அதைக் கழற்றிவிடலாமா என்று நண்பர் கேட்டபோது முறைத்தார். பிறகு காகிதத்தில் ஒரு படம் போட்டார். விளக்கு அலமாரிக்குள் எரியாது. இழுப்பறை போல ஒரு தட்டு வெளியே வரும், அதன்மேல் உலோகத் தகடு. ஏற்றும்போது முன்னே இழுத்துக்கொள்ளலாம். அப்போது சுடருக்கு மேலே மரம் இருக்காது. அணைந்து, ஆறிய பிறகு உள்ளே தள்ளிவிடலாம்.

அம்மா தேக்கு கேட்டார். தேக்கு இங்கே கடல் கடந்து வருகிற பொருள். விலையைக் கேட்டதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார். செர்ரி மரம் முடிவாயிற்று. செய்யும்போது வெளிறிய செம்மையாக இருக்கும், வெளிச்சம் படப்பட நிறம் ஆழ்ந்துகொண்டே போகும்.

பொருத்த வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். அலமாரி ரசமட்டம் பிசகாமல் நின்றது, சுவர்தான் நிற்கவில்லை. மேலே ஒட்டியது, நடுவில் நம்மூர்க் கணக்கில் இரண்டு நூல் விலகியது. பெரியவர் இடைவெளியில் அடைக்கிற மெழுகைத் தேடிப் போகவில்லை. மெல்லிய செர்ரிச் சட்டம் ஒன்றை அலமாரி ஓரத்தில் நிறுத்தி, ஒரு காலில் பென்சில் கட்டிய கவராயத்தைச் சுவரோடு உரசியபடி மேலிருந்து கீழே இறக்கினார். சுவரின் மேடு பள்ளம் அப்படியே சட்டத்தில் கோடாக விழுந்தது. கோட்டுக்கு வெளியே அறுத்து, கொஞ்சம் உட்சாய்வாக இழைத்து, மூன்று முறை வைத்துப் பார்த்து மாட்டினார். கோணல் சுவருக்குக் கோணலாகவே வெட்டிய சட்டம்; பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் நேர்.

கதவுகளில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. நாலு பக்கச் சட்டத்தின் காடியில் நடுப்பலகையைச் சொருகியிருந்தார், பசை போடவில்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீட்டுக்குள் காற்று உலர்ந்து மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். கோடையில் ஈரம் ஏறி உப்பும். நெடுக்கில் அவ்வளவு மாற்றம் இராது. பசை போட்டு இறுக்கிய பலகை அசைய இடமில்லாமல் என்றாவது வெடிக்கும். ஜனவரியில் இங்குள்ள மரத்தரைகளில் கோடுகோடாகச் சந்து தெரிவதும் ஆகஸ்டில் கதவு நிலையோடு முரண்டுவதும் இதனால்தான்.

பெரியவர் என்னிடம் காட்டிப் பெருமைப்பட்ட ஒரே பொருள் திருகாணி. தலையில் சதுரக் குழி உள்ள ராபர்ட்சன் ஆணி. பி.எல். ராபர்ட்சன் என்பவர் 1908இல் கண்டுபிடித்தது. தொழிற்சாலை போட்டது டொரண்டோவுக்கு மேற்கே மில்டனில். திருப்புளி நழுவாது, ஒரு கையால் முடுக்கலாம். ஃபோர்டு கம்பெனி தயாரிப்புரிமை கேட்டபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்கா பெரும்பாலும் நட்சத்திரத் தலை ஆணியோடு நின்றுவிட, கனடாத் தச்சர்கள் இன்றும் சதுரத்தை விடவில்லை. அதற்கான சிவப்புப் பிடி திருப்புளி இல்லாத கருவிப் பையை இங்கே பார்ப்பது அரிது.

"எங்க ஊர் ஆசாரியா இருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பார்" என்றார் அம்மா, எல்லாம் முடிந்த பிறகு. பெரியவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

உங்கள் உறவினர் யாராவது இங்கே வீடு வாங்கினால் இதைச் சொல்லிவையுங்கள். அலமாரிக்கு ஆள் தேட விளம்பரம் பார்க்க வேண்டாம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவரிடம் கேட்கட்டும். தச்சருக்குப் பின்னால் வந்து, அவர் விட்ட சந்துகளை அடைத்துப் பூசுகிறவர் அவர்தான். யார் சந்து விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.